கமருன்னிஸா வீட்டு நல்ல தண்ணீர்

முத்துப்பேட்டையில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வந்துவிடும். அதை வாயில் வைக்க முடியுமா என்பதுதான் சங்கதி. கடலும் அலையாத்திக் காடும் பக்கத்திலேயே இருப்பதால் முக்கால்வாசிக் கிணறுகளில் உப்பு ஏறிக் கிடக்கும். ஊரார் தண்ணீரை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நாக்கில் கரித்தால் உப்புத் தண்ணீர், கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர். மூன்றாவது வகை ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கமருன்னிஸாவின் கொல்லையில் இருந்தது நல்ல தண்ணீர்க் கிணறு. அவளுடைய மாமனார் தோண்டியது. அந்தத் தெருவில் வேறு எவர் கொல்லையிலும் அப்படி ஊறவில்லை. "அல்லா இவங்க கொல்லையில மட்டும் ஒரு கை சீனிய அள்ளிப் போட்டுட்டான்" என்று பெண்கள் சொல்லுவார்கள். கமருன்னிஸா சிரித்துக்கொள்வாள். சீனி போட்டது அல்லா என்றாலும், கொல்லைக் கதவின் சாவி அவள் இடுப்பில்தானே இருந்தது.

கணவர் சேக் தாவூது சார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். ஒரே மகள் ஆஷிகாவைச் சென்னையில் கட்டிக் கொடுத்தாயிற்று. மாடியும் பளிங்குத் தரையுமாக அவ்வளவு பெரிய வீட்டில் கமருன்னிஸா ஒருத்திதான். ஆனால் அவள் தனியாக இருப்பதாக யாரும் நினைத்ததில்லை, அவளே நினைத்ததில்லை. விடியற்காலைச் சுப்ஹுத் தொழுகை முடிந்து கொல்லைக் கதவைத் திறந்தால் குடங்கள் வந்துவிடும். குடத்தோடு சேதியும் வரும். யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், எந்த மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருக்கிறாள், யாருக்கு விசா வந்திருக்கிறது, எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். யார் குடம் முதலில், யார் குடம் பிறகு என்று சொல்வதும் அவள்தான். கல்யாண வீடுகளில் வட்டலாப்பம் என்ற முட்டை இனிப்பை இறக்கினால் முதல் கிண்ணம் அவள் வீட்டுக்கு வரும். அக்கா என்பதற்கு அங்கே ராத்தா; தெருவில் அவளுக்குப் பெயரே கிணற்று வீட்டு ராத்தா.

எல்லாவற்றுக்கும் மேல், நோன்பு மாதம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சவும், நோன்பு திறப்பவர்கள் முதல் மடக்கு குடிக்கவும் அவள் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் போகும். டிரம்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது அவள் மாடி ஜன்னலருகே நின்று பார்ப்பாள். இத்தனை பேருடைய நோன்பு என் வீட்டுத் தண்ணீரால் திறக்கிறது என்று நினைக்கும்போது, தான் பிடித்த நோன்பின் களைப்பே தெரியாது.

சென்ற ஆண்டு தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது. வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்தார்கள். கமருன்னிஸா மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். "கடல்ல நிக்கிறவனுக்கு எதுக்குங்க உப்பு வியாபாரம்?" என்று குழாய் போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

தெரு கிழக்கே சரிந்து இறங்கும். சரிவின் அடியில் இருந்தது ஷமீராவின் வீடு. மேட்டு வீடுகளில் குழாய் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்போதே ஷமீரா வீட்டுக் குழாயில் தண்ணீர் பீறிட்டுக் கொட்டும். அவள் குழாயை வாசல் பக்கமே வைத்து, குடம் வைக்க ஒரு சிமெண்டு மேடையும் போட்டாள். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு கனகாம்பரச் செடி. மேட்டுவீட்டுப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். ராட்டினத்தை இழுத்துக் கை காய்க்க வேண்டாம், கயிறு அறுமே என்ற பயம் வேண்டாம். குடத்தை வைத்தால் நிறைந்துவிடும்.

கமருன்னிஸா கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். நாளுக்கு நாள் குடங்கள் குறைந்தன. கடைசியில் பக்கத்து வீட்டு ரசியா பேகம் மட்டும் வந்தாள். அவளும் கால்வலியால் குடத்தோடு சரிவில் இறங்க முடியாமல்தான் வந்தாள்.

ஷமீராவுக்கு ஒரு சிரிப்பு உண்டு. மீன் வண்டி ஓட்டும் அவள் கணவன் ஜாஃபர் சாதிக் வண்டியைத் தெருமுனையில் திருப்பும்போதே கேட்கும் என்பார்கள். முன்பு அந்தச் சிரிப்பு கமருன்னிஸாவின் கிணற்றடியில் கேட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் வாளியைக் கிணற்றில் விட்டுவிட்டு முழித்தவள் அந்த ஷமீரா. கயிறு கட்டக் கற்றுக் கொடுத்தது யார்? இதே கமருன்னிஸா. இப்போது அந்தச் சிரிப்பு தெருவின் அடியிலிருந்து வந்தது. கூடவே பத்துப் பேர் சிரிப்பு. கமருன்னிஸா ஜன்னலைச் சாத்துவாள். சாத்தியபின், என்னதான் பேசிச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மறுபடி திறப்பாள்.

ஒருநாள் எதிர்வீட்டு நிக்காஹில் வட்டலாப்பக் கிண்ணம் தன் வாசலைத் தாண்டிக் கீழே போவதை அவள் கண்ணால் பார்த்தாள். அரைமணி கழித்து அவளுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் பூனைக்குப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் பேச ஆரம்பித்தாள்.

"அந்தக் குழாய்த் தண்ணிய மோந்து பாத்தியா ரசியா? ஆஸ்பத்திரி வராண்டா கழுவுன மாதிரி மருந்து வாடை."

"ஆமா ராத்தா, காலைல கொஞ்சம் வருது."

"எத்தன ஊரு சாக்கடையத் தாண்டி வருதோ அந்தப் பைப்பு! பச்சப் பிள்ளைக்கு அதக் குடுக்கிறாளே, ஷமீரா மனசு கல்லுதான்."

ஷமீராவுக்கு ஃபாஜில் என்று ஒரு கைக்குழந்தை. பால்பவுடர்தான் கொடுத்து வந்தாள். ரசியா பேகத்திடம் சொன்னால் அது எங்கே போய்ச் சேரும் என்று கமருன்னிஸாவுக்குத் தெரியும். போயும் சேர்ந்தது. பதில்தான் வேறு மாதிரி வந்தது. "ராத்தாவுக்கு அதிகாரம் பண்ண வாய் அரிக்குதாமா? வந்து நம்ம மேடையில உக்காரச் சொல்லு, வரிசை பாத்துச் சொல்லட்டும்" என்றாளாம் ஷமீரா. சொல்லிவிட்டு அந்தச் சிரிப்பும் சிரித்தாளாம்.

கமருன்னிஸா அன்று ஒரு வாய்ச் சோறு உண்ணவில்லை.

நோன்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது, பள்ளிவாசலில் கஞ்சி ஏற்பாடுகளைக் கவனிக்கும் முபாரக் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"வேற ஒண்ணும் இல்ல ராத்தா. இந்த வருஷம் குழாய்த் தண்ணியே எடுத்துக்கலாம்னு பேசிக்கிட்டாங்க. ஷமீரா வீட்டுல ஓஸ் போட்டா அஞ்சு நிமிஷத்துல டிரம் ரொம்பிடும். உங்களுக்கும் எதுக்குச் சிரமம்."

"நான் சிரமம்னு சொன்னேனா?"

"நீங்க சொல்லல..."

"கஞ்சியக் காய்ச்சிடுவீங்க. நோன்பு தொறக்கிற தண்ணிய? அதப் பச்சையாத்தானே குடிக்கணும். நாள் பூரா வெறும் வயித்தோட இருந்தவங்க அந்த மருந்துத் தண்ணியக் குடிச்சு ஏதாச்சும் ஆனா யாரு பொறுப்பு? சோதிச்சுப் பாத்தீங்களா?"

முபாரக் தாடியைத் தடவினார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. "சரி, சோதிக்கச் சொல்றேன். எது நல்ல தண்ணியோ அதையே எடுத்துக்குவோம்" என்றார்.

மன்னார்குடியிலிருந்து மாதங்கி வந்தாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண். ஸ்கூட்டியில் ஒரு நீலப் பெட்டி. ஷமீரா வீட்டுக் குழாயடியில் தெருவே கூடியிருந்தது. கமருன்னிஸாவும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து, மேடையில் கால் படாமல் தள்ளி நின்றாள். மாதங்கி ஒரு சின்னக் குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டாள். தண்ணீர் மஞ்சளானது.

"மஞ்சளாயிடுச்சே! கெட்டுப் போச்சா?" என்றாள் ரசியா பேகம்.

"இல்லம்மா. கிருமியைக் கொல்ற குளோரின் இருக்குன்னு அர்த்தம். நீங்க சொல்ற வாடை அதுதான். வாடை வந்தா நல்லது, வரலைன்னாதான் யோசிக்கணும்" என்றாள் மாதங்கி.

"அப்ப குழாய்த் தண்ணியக் கண்ண மூடிக்கிட்டுக் குடிக்கலாமா?" ஷமீரா கேட்டாள்.

"அப்படி நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கு இந்தக் குழாய் வாயில நல்லா இருக்கு, அவ்வளவுதான். பைப்புல எங்கயாவது விரிசல் விட்டா, மோட்டார் வச்சு உறிஞ்சினா, வாளியத் தொறந்து போட்டா மாறிடும். கைக்குழந்தைக்கு எந்தத் தண்ணியா இருந்தாலும் கொதிக்க வச்சு ஆத்திக் குடுங்க. இன்னொரு சோதனை இருக்கு. மருந்து போட்ட இந்த பாட்டில்ல புடிச்சு வச்சா ரெண்டு நாளுக்குள்ள தெரியும். கழிவு கலந்திருந்தா தண்ணி கறுப்பாயிடும்."

"அப்ப ராத்தா வீட்டுக் கிணத்துத் தண்ணியையும் புடிங்க. பக்கத்துல பக்கத்துல வச்சாத்தானே தெரியும்" என்றாள் ஷமீரா. குத்தலாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கமருன்னிஸா தலையை நிமிர்த்தினாள். "தாராளமா!"

தானே கிணற்றடிக்குப் போய் முதல் வாளியைச் சேந்தி, மாதங்கியின் பாட்டிலில் ஊற்றினாள். அடையாளத்துக்காக மாதங்கி கிணற்றுத் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூலும், குழாய்த் தண்ணீர் பாட்டிலில் வெள்ளை நூலும் கட்டினாள். அவற்றை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. கமருன்னிஸாவுக்கு ஷமீரா வீட்டில் வைக்க மனமில்லை. அங்கே வைத்தால் எதையாவது செய்துவிடுவாள் என்று உள்மனம் சொல்லிற்று.

"எங்க வீட்டு ஷோகேஸ்ல வைங்க. பூட்டு இருக்கு" என்றாள்.

யாரும் மறுக்கவில்லை. சார்ஜாவிலிருந்து வந்த அத்தர் குப்பிகளுக்கு நடுவில் இரண்டு பாட்டில்களும் உட்கார்ந்தன. திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன் என்று மாதங்கி கிளம்பினாள்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுக் கூடத்துக்கு வந்த கமருன்னிஸா கண்ணாடி வழியே பார்த்தாள். ஒரு பாட்டில் மருந்தின் வெளிர் மஞ்சள் மாறாமல் அப்படியே இருந்தது. இன்னொன்று மைக்கூடு போலக் கறுத்திருந்தது. அவள் உதடு மலர்ந்தது. பக்கத்தில் போனாள்.

கறுத்த பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல்.

பூட்டைத் திறந்து, பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய் ஒரு வாளி சேந்தி ஒரு கை அள்ளிக் குடித்தாள். அதே இனிப்பு. துளிக்கூடக் கரிக்கவில்லை. அப்புறம் எப்படி? கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவள் கண்ணில் அந்தக் குளியலறை பட்டது. சார்ஜாப் பணத்தில், தெருவிலேயே முதல்முதலாகக் கட்டிய குளியலறை. உள்ளே வெள்ளைப் பீங்கான் கோப்பை. பார்க்கவென்றே எத்தனை பேர் வந்தார்கள்! அதன் கழிவுத் தொட்டியைக் கிணற்றிலிருந்து நாலு எட்டில் தோண்டியிருந்தார்கள். வேறு எங்கே தோண்டினாலும் வாழை மரங்கள் போய்விடும் என்று அவளேதான் அந்த இடத்தைக் காட்டினாள். தை மாதம் பெய்த மழையில் அந்தத் தொட்டி பொங்கி வழிந்தது. மழை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

கூடத்தில் கைபேசி மணி அடித்தது; உள்ளே போய் எடுத்தாள். சேக் தாவூது.

"என்ன கமரு, நோன்பு வரப்போகுது. பள்ளிக்கு நம்ம தண்ணிதானே போகும்? இங்க பாட்டில் தண்ணி குடிச்சு நாக்கே மரத்துப்போச்சு. நம்ம கிணத்தத்தான் நெனச்சுக்குவேன்."

"போகும்" என்றாள்.

கீழே ஷமீராவின் சிரிப்பு கேட்டது. நல்ல நீண்ட சிரிப்பு. கிணறும் போய், நோன்புத் தண்ணீரும் போய், திங்கட்கிழமை தெரு முன்னால் நிற்க வேண்டும். அந்தச் சிமெண்டு மேடையில் நின்று அவள் சிரிப்பாள். யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. விரல்கள் தாமாகவே சிவப்பு நூலை அவிழ்த்தன. வெள்ளை நூலை அவிழ்த்தன. மாற்றிக் கட்டின. பூட்டியபின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ரசியா பேகம் வந்தாள். வந்தவள் கண்ணாடியைப் பார்க்காமல் இருப்பாளா?

"யா அல்லா! வெள்ள நூலு கறுத்துப் போச்சே ராத்தா! குழாய்த் தண்ணிதானே அது?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீயே பாத்துக்க" என்றாள் கமருன்னிஸா.

கால்வலிக்காரி அன்று ஓடினாள்.

பொழுது சாயும் மஃரிபுத் தொழுகைக்கு முன்பே தெருவில் குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. கமருன்னிஸா எழுந்து கொல்லைக் கதவை அகலத் திறந்தாள். எத்தனையோ நாளாகக் காது ஏங்கிக் கிடந்த சத்தம் அது. நெஞ்சு நிறைந்துபோயிற்று. சந்தில் முதலாவதாக வந்தவள் ஷமீரா. இடுப்பில் ஃபாஜில், கையில் குடம், விரலிடுக்கில் பால் பாட்டில். முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. பின்னால் மற்றப் பெண்கள்.

"ராத்தா, நான் பேசுனதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் ஷமீரா. "அந்தத் தண்ணியத்தான் இத்தன மாசமா இவனுக்குக் கரைச்சுக் குடுத்தேன். நேத்துலேருந்து ஒரே அழுகை. பசிக்கு அழுவுறானா, வயிறு வலியான்னு தெரியல. முதல்ல இந்த பாட்டில்ல கொஞ்சம் ஊத்துங்க. நீங்க ஊத்துனா போதும்."

பால்பவுடர் போட்ட பாட்டிலை நீட்டினாள். இதைத்தான் கமருன்னிஸா ஆசைப்பட்டிருந்தாள். ஷமீரா இதே கொல்லையில், இதே கதவருகே, சிரிக்காமல் நிற்க வேண்டும் என்று. நினைத்ததை விடவும் நன்றாகவே நடந்தது. வாளியை இறக்கினாள். ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி மேலே வந்தது. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது.

குழந்தை தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டிற்று.

கமருன்னிஸா வாளியை வாழைமரத்தடியில் கவிழ்த்தாள்.

ஷமீராவின் முகம் சிவந்தது. "ஏன் ராத்தா? எம்மேல உள்ள கோவத்தப் பிள்ள மேல காட்டுறீங்களே!"

"தண்ணிய மறிக்கிறது பெரிய பாவம் ராத்தா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "அவ சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லிட்டா. ஊத்துங்க" என்றாள் ரசியா பேகம்.

ஊற்றாமல் பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நொடி தோன்றியது. பொறாமைக்காரி, ஈரமில்லாதவள் என்று பேசிவிட்டுப் போவார்கள். இந்த ஒரு பிள்ளை தப்பிக்கும். ஆனால் பின்னால் நிற்கும் குடங்கள்? அவர்களைத் திருப்பி அனுப்ப என்ன காரணம் சொல்வது? திங்கட்கிழமைக்குப் பிறகு பள்ளிவாசல் டிரம்?

"கறுத்தது என் தண்ணி" என்றாள் கமருன்னிஸா.

"என்ன?"

"கறுத்தது கிணத்துத் தண்ணி. நூல மாத்திக் கட்டுனது நான். போதுமா? உங் குழாய்த் தண்ணி நல்லா இருக்கு. போயி, அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி கொதிக்க வச்சு ஆத்திக் குடு."

ஷமீரா பாட்டிலின் மூடியைத் திருகிக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடக் கமருன்னிஸாவுக்குப் பதில் சொல்ல வாய் இருந்தது. ஷமீரா ஒன்றும் சொல்லாமல் சந்தில் திரும்பிப் போனாள். ஒவ்வொரு குடமாக அவள் பின்னால் போயிற்று. ரசியா பேகம் மட்டும் நின்றாள்.

"மழைக்கப்புறம் எனக்கு வயிறு சரியே இல்ல ராத்தா. வயசுக் கோளாறுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் மெதுவாக. காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு அவளும் நடந்தாள். கால்வலியோடு, சரிவை நோக்கி.

திங்கட்கிழமை மாதங்கி வந்தபோது கமருன்னிஸாவே பாட்டில்களை எடுத்துக் கொடுத்தாள். நூலைப் பற்றித் தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையையும் அவளால் தாங்க முடியவில்லை. தொட்டியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், கிணற்றை இறைத்துப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், மறுபடி சோதித்துச் சரி என்று வரும்வரை அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது என்று மாதங்கி சொன்னாள். பவுடர் போட்ட அன்று, கமருன்னிஸா ஊரெல்லாம் பழித்த அதே மருந்து வாடை அவள் கொல்லையிலிருந்தே கிளம்பிக் கூடம்வரை வந்தது.

குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தாள். அது வரும்வரை குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. நோன்பின் முதல் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். வாசலில் ஓஸ் போட்டுப் பள்ளிவாசல் டிரம் நிறைந்துகொண்டிருந்தது. முபாரக் ஷமீராவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பு அந்தச் சிரிப்பு கமருன்னிஸா வீட்டு வாசலில் கேட்கும். கமருன்னிஸா யார் கண்ணிலும் படாமல் வரிசையின் கடைசியில் குடத்தை வைத்தாள்.

ஷமீரா பார்த்துவிட்டாள்.

"ராத்தா குடத்த முதல்ல வைங்க" என்றாள்.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். கேலி இல்லை, குத்தல் இல்லை. ஷமீராவின் இடுப்பிலிருந்த ஃபாஜில் கொழுகொழுக் கையால் கமருன்னிஸாவின் துப்பட்டியைப் பிடித்து இழுத்தான். யார் குடம் முதலில் என்று சொல்லும் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை அவள் பார்த்துக்கொண்டாள். குடத்தை மேடையில் வைத்தாள்.

குழாயைத் திருகியதும் தண்ணீர் கனமாக, நேராக, சிதறாமல் விழுந்தது. அவ்வளவு நன்றாக வந்தது. அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.